மேய்ப்பர் கோல் யாருக்குரியது?

படைச் சமயகுருவின் சின்னம் ஒன்றை இனங்காணும்போது, அதன் வடிவத்தை மட்டும் நம்புவது பிழைக்கு இடந்தரும். அமெரிக்கப் படைகளில் வழங்கிய மேய்ப்பர் கோலை இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

கத்தோலிக்க ஆயர் ஏந்தும் கோலை நினைவூட்டுவதால், இச்சின்னம் கிறித்தவக் குருவுக்குரியது என்றே கருதத் தோன்றும். தரைப்படையில் 1880ஆம் ஆண்டு சமயகுருக்களுக்குப் பொதுவான தோள்பட்டைச் சின்னமாக இக்கோலே வழங்கப்பெற்றது. 1898இல் சிலுவை சின்னமாயிற்று.

கடற்படையிலோ இக்கோலின் பொருள் வேறு. அங்கு முதல் யூதச் சமயகுருவாக ராபி டேவிட் கோல்ட்பர்க் 1917இல் பொறுப்பேற்றபோது, குருக்களுக்குரிய சின்னம் சிலுவையாக இருந்தது. பிற சமயத்தின் அடையாளத்தை ஒரு ராபி அணிவது பொருந்தாதாகையால், யூதக் குருக்களுக்கு மேய்ப்பர் கோல் ஏற்கப்பட்டது. பத்துக் கட்டளைகளின் கற்பலகைகளும் தாவீதின் விண்மீனும் அமைந்த சின்னம் 1941இல் அதன் இடத்தைப் பெற்றது.

ஆகவே, முதல் உலகப்போருக்கும் 1941க்கும் இடைப்பட்ட கடற்படைச் சீருடையில் இக்கோல் காணப்படின், அணிந்தவர் யூதர் என்றே கொள்ளவேண்டும். எந்தப் படை, எந்தக் காலம் என்னும் வினாக்களை எழுப்பாது பெயரிடுவோமாயின், சிலுவையை அணிய இயலாதவரையே கிறித்தவராகப் பதிவு செய்தவராவோம்.