தொண்டிக்கு மரம் வந்த வழி

போன ஐப்பசி மழையில எங்க வீட்டு அலமாரி ஊதிப்போச்சு. செஞ்சு ஒரு வருஷம்கூட ஆகலை. "நல்ல ப்ளைவுட், தண்ணி பட்டாலும் ஒண்ணும் செய்யாது"ன்னு சொல்லித்தான் வாங்கிட்டு வந்தேன். இப்ப நனைஞ்ச நோட்டுப் புத்தகம் மாதிரி அடுக்கடுக்கா பிரிஞ்சு நிக்குது. அந்த அலமாரிக்கு நேர் மேலே அண்ணாந்து பார்த்தால் என் தாத்தா போட்ட பனங்கை. கூரை ஓடு இரண்டு தடவை மாத்தியாச்சு, பனங்கை மட்டும் அப்படியே கறுப்பா கிடக்கு. ஒரே வீட்டுல, ஒரே மழையில, ஒண்ணு நின்னுச்சு, ஒண்ணு விழுந்துச்சு. அது ஏன்னு யோசிச்சதுல வந்ததுதான் இந்தப் பதிவு.

உழவு மாட்டை வித்த பிறகு எங்க கொட்டத்துல பாதி காலியாத்தான் கிடந்தது. ஊர்ல இருக்குற வயசான ஆசாரியார் ஒருத்தர் தன்னோட இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, மூலைமட்டம் எல்லாத்தையும் ஒரு சாக்குல கட்டி என்கிட்ட கொடுத்தார். "பையன் துபாய்ல ஏசி வேலை பாக்குறான் தம்பி. இது இங்கே துருப்பிடிக்கிறதுக்கு நீயாவது வச்சு எதையாவது செய்யி"ன்னார். அப்படி ஆரம்பிச்சதுதான் என் சின்னப் பட்டறை. உளி இருக்கு, இடம் இருக்கு, மரம் எங்கே? இரண்டு மாசம் தேடினேன். தேடத் தேட, இந்த ஊருக்கு மரம் வந்த கதையே ஒரு பெரிய சரித்திரம்னு தெரிஞ்சுது.

எங்க தொண்டி இன்னைக்கு மீன்பிடி ஊர். ஆனா ஒரு காலத்துல இது மரம் வந்து இறங்குன துறைமுகம். சிலப்பதிகாரத்துல ஊர்காண் காதையில, தொண்டியில இருந்து அகிலும் சந்தனமும் துகிலும் கற்பூரமும் மதுரைக்குப் போன சேதி வருது. அகிலும் சந்தனமும் மரம்தானே. சேர நாட்டுலயும் ஒரு தொண்டி உண்டு. ஆனா அந்த இடத்துல சொல்றது கொண்டல் காத்தை. கொண்டல் கிழக்கே இருந்து அடிக்கிற காத்து. அதனால அது பாண்டிய நாட்டுத் தொண்டி, நம்ம தொண்டின்னு படிச்சவங்க சொல்றாங்க. ஆக, அந்தக் காலத்துல மரம் கடல் வழியா கிழக்கே இருந்து வந்து, மேற்கே மதுரைக்குப் போயிருக்கு.

அடுத்து பர்மா தேக்கு. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நகரத்தார் வீடுகளைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். ஒரு ஆள் கட்டிப் பிடிக்க முடியாத தூண், யானை நுழையுற மாதிரி நிலை. அத்தனையும் பர்மாவுல வெட்டி, ஐராவதி ஆத்துல மிதக்க விட்டு ரங்கூன் வந்து, அங்கிருந்து கப்பல் ஏறுன மரம். தேக்குக்காக ஒரு ராஜ்யமே போயிருக்கு. 1885-ல் பர்மா மன்னர் தீபா ஒரு வெள்ளைக்காரத் தேக்குக் கம்பெனிக்கு அபராதம் போட்டார். அதையே சாக்கா வச்சு படையெடுத்து நாட்டைப் பிடிச்சு, மன்னரை ரத்தினகிரிக்கு நாடு கடத்திட்டாங்க. பிறகு 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடிச்சதும், அங்கே இருந்த நம்ம ஆளுங்க உயிர் பிழைச்சா போதும்னு ஓடி வந்தாங்க. நகரத்தார் வீடுகளுக்குப் பர்மா தேக்கு வந்து குவிஞ்ச காலம் அதோட முடிஞ்சுது. இன்னைக்கு அந்த வீடுகளை இடிச்சு எடுத்த தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழம்பொருள் கடைகள்ல நிக்குது. நானும் போய்ப் பார்த்தேன். தொட்டுப் பார்த்துட்டு வந்தேன். விலை கேட்டா நமக்குத் தாங்காது.

ஆனா இந்த அகிலும் தேக்கும் ராஜாவுக்கும் செட்டியாருக்கும் வந்த மரம். என் தாத்தா மாதிரி ஆளுங்க வீட்டுக்கு எந்தக் கப்பலும் மரம் கொண்டு வரலை. அவங்க மரம் வரப்புலயும் கண்மாய்க் கரையிலயும் நின்னுச்சு. கலப்பைக்கும் ஏர்க்காலுக்கும் நாட்டுக் கருவேலம். வண்டிச் சக்கரத்துக்குப் பூவரசும் கருவேலமும். நிலை, கதவுக்கு வேம்பு. கூரைக்குப் பனை. பனையைச் சாதாரணமா நினைக்காதீங்க. ஒல்லாந்தர் 1658-ல் யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச பிறகு, அங்கே பனையை வெட்டி கையும் சலாகையுமா கப்பல்ல ஏத்தி சோழமண்டலக் கரைக்கு வித்திருக்காங்க. ஒல்லாந்தன் கணக்குப் புத்தகத்துலயே 'பனங்கை'ங்கிற நம்ம சொல் அப்படியே ஏறியிருக்கு.

வெட்டுன உடனே யாரும் மரத்தை இழைக்கலை. கண்மாய்த் தண்ணியிலயோ ஊருணியிலயோ மாசக்கணக்குல ஊறப் போட்டாங்க. மரத்துல இருக்குற மாவும் சர்க்கரையும்தான் உளு வண்டுக்குத் தீனி. ஊறும்போது அது கரைஞ்சு போயிரும். பிறகு நிழல்ல காயவச்சுத்தான் வேலை. தாத்தா போட்ட பனங்கை நின்னதுக்கு ரகசியம் இதுதான்: முத்தி வைரம் பாய்ஞ்ச மரம், அவசரப்படாத கை.

இப்ப ப்ளைவுட் கதைக்கு வருவோம். முன்னே இதுக்கு காட்டு மரமே நிறைய போச்சு. நீலகிரி கூடலூர்க் காட்டைக் காப்பாத்தணும்னு கோதவர்மன் திருமுல்பாடு போட்ட வழக்குல, 1996 டிசம்பர் 12-ம் தேதி உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கக் காட்டு மரம் வெட்டுறதுக்குக் கடிவாளம் போட்டுச்சு. வடகிழக்குல பல அறுவை மில்லும் ப்ளைவுட் ஆலையும் மூடுனாங்க. அதுக்குப் பிறகு தோட்டத்து மரம்தான் கை கொடுத்துச்சு. கேரளாவுல பெரும்பாவூர்ப் பக்கம், பால் வத்திப்போன ரப்பர் மரத்தைச் சீவி ஒட்டி ப்ளைவுட் ஆக்குறாங்க.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. தேசிய நெடுஞ்சாலை 85 கொச்சியில ஆரம்பிச்சு, பெரும்பாவூருக்குக் கொஞ்சம் தெற்கே மூவாற்றுபுழா, பிறகு மூணாறு, தேனி, மதுரை, சிவகங்கை, திருவாடானைன்னு வந்து எங்க தொண்டியில முடியுது. அன்னைக்கு கிழக்கே இருந்து கப்பல்ல வந்து மதுரைக்குப் போன மரம், இன்னைக்கு மேற்கே இருந்து லாரியில மதுரை வழியா தொண்டிக்கு வருது. முதல்ல வாங்குன ஊருக்கு இப்ப கடைசியா வருது.

ப்ளைவுட்டைக் குறை சொல்லலை. எனக்குத்தான் கேட்டு வாங்கத் தெரியலை. பலகை ஓரத்துல முத்திரை இருக்கும், படிச்சுப் பாருங்க. ஐ.எஸ். 303-ல் எம்.ஆர். ரகம்னா காத்து ஈரத்தை மட்டும் தாங்கும், நனைஞ்சா போச்சு. நான் வாங்குனது அதுதான். அதுலயே பி.டபிள்யூ.ஆர். ரகம் பரவாயில்லை. ஐ.எஸ். 710-ன்னு இருந்தா கடல் ரகம். கொதிக்கிற தண்ணியில 72 மணி நேரம் போட்டாலும் ஒட்டு விடக்கூடாதுங்கிறது அதோட சோதனை. உப்புக் காத்து அடிக்கிற எங்க ஊருக்கு சமையல்கட்டுல அதுதான் லாயக்கு.

இனி என் பட்டறைக்கு மரம் எங்கேன்னா, அது என் தரிசுலயே நின்னுச்சு. சீமைக்கருவேலம்! 1877-ல் வெள்ளைக்கார வன அதிகாரிங்க ஜமைக்காவுல இருந்து விதை தருவிச்சு கடப்பைப் பக்கம் போட்டது. இன்னைக்கு எங்க ஜில்லாவையே மூடிக் கிடக்கு. 2017-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அழிக்கச் சொல்லியும் தீரலை. நாம அதை மூட்டம் போட்டுக் கரியாக்கி விக்கிறோம். அதே இனத்து மரத்துல அமெரிக்காவுல டெக்சாஸ்காரங்க மேசை, தரைப்பலகை செய்யுறாங்க. நூறு வருஷத்துக்கு முன்னே அங்கே சான் அன்டோனியோ நகரத்துல தெருவுக்கே அந்த மரக்கட்டையைப் பாவியிருந்தாங்களாம். காய்ஞ்ச பிறகு அவ்வளவா சுருங்காது, வளையாது. நீளமாத்தான் கிடைக்காது, முள்ளும் கோணலுமா இருக்கும். ஆனா மேசைக் கால், உளிப்பிடி, முக்காலிக்கு நீளம் எதுக்கு?

போன மாசம் ஒரு தரகர் வந்தார். "அண்ணே, உங்க பனையெல்லாம் சும்மாதானே நிக்குது? சூளைக்கு எடுத்துக்கிறேன்"ன்னார். பனை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு 2021-ல் அரசாங்கம் சொன்னதை நான் சொன்னேன். "அதெல்லாம் பாத்துக்கலாம்ணே"ன்னு சிரிச்சார். அவர் ஒரு மரத்துக்குச் சொன்ன விலை, எனக்கு ஒரு ப்ளைவுட் பலகைகூட வாங்கப் பத்தாது. அறுபது எழுபது வருஷமா வைரம் ஏறுன மரம் ஒரு ராத்திரியில செங்கலுக்குச் சாம்பலாகணுமா? இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவர் போன பிறகு வரப்புல நின்னு எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறு.

இப்ப எங்க ஊருணியில ஓரமா நாலு சீமைக்கருவேலந் தடி ஊறிக் கிடக்கு. தை மாசம் வெளியே எடுத்துக் காயப்போடணும். ஆசாரியாருக்குச் சொன்னேன். "அந்த முள்ளுமரத்துலயா?"ன்னு முகம் சுளிச்சவர், போன வாரம் தானே சைக்கிள்ல வந்து ஊருணிக் கரையில குந்தி, ஒரு தடியைத் திருப்பிப் பார்த்து நகத்தால கீறினார். "நடுவுல வைரம் இருக்கு தம்பி. இழைப்புளி நாக்கை நல்லா தீட்டி வை"ன்னுட்டுப் போனார்.

தீட்டிக்கிட்டு இருக்கேன்.