பள்ளிசார் குழந்தைச் சிகிச்சை

உடல் இயக்கத்திலோ பேச்சிலோ புலனுணர்விலோ தடை உள்ள குழந்தைகளுக்குப் பள்ளி வளாகத்திலேயே பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, பேச்சுப் பயிற்சி ஆகியவற்றை அளிக்கும் ஏற்பாடு பள்ளிசார் சிகிச்சை எனப்படும். இதை ஒரு தனித்துறையாக வளர்த்தது அமெரிக்கா. அங்கும் இதற்கு வித்திட்டது ஒரு கல்விச் சட்டம்தான். பென்சில்வேனியாவிலும் வாஷிங்டனிலும் 1972இல் வந்த நீதிமன்ற ஆணைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பள்ளி வாசலில் திருப்பி அனுப்பும் வழக்கத்துக்கு அவ்விடங்களில் தடை விதித்தன. அதன் தொடர்ச்சியாக, ஊனமுற்ற குழந்தைகள் அனைவருக்குமான கல்விச் சட்டத்தில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு 1975 நவம்பர் 29 அன்று கையெழுத்திட்டார். நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் இருப்பதாகவும், அவர்களில் 10 லட்சம் பேர் பொதுப்பள்ளிக்கு முற்றிலும் வெளியே நிறுத்தப்பட்டிருப்பதாகவும் அந்தச் சட்டமே பதிவு செய்தது. சிகிச்சைகளை அது ‘தொடர்புடைய சேவைகள்’ என்ற தலைப்பில் சேர்த்து, ஒரே ஒரு அளவுகோலை வைத்தது: குழந்தை தன் கல்வியால் பயன்பெற இந்தச் சேவை தேவையா? நோய் தணிந்ததா, தசை வலுத்ததா என்று அது கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குத் தெரபித் துறை நேரடியாகப் பதில் சொல்லத் தொடங்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. இத்துறையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள அந்தத் தாமதத்தின் காரணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பள்ளிக்குள் வந்த தெரபிஸ்ட்டுகள் மருத்துவமனைகளில் பயின்றவர்கள். குழந்தை வளர்ச்சி பற்றி அவர்கள் கற்றிருந்த பாடத்துக்கு இரண்டு ஊற்றுகள் உண்டு. முதலாவது ஆர்னால்டு கெசெல். யேல் பல்கலைக்கழகத்தில் 1911இல் குழந்தை வளர்ச்சி மையத்தைத் தொடங்கிய அவர், எந்த மாதத்தில் தலை நிற்கும், எந்த மாதத்தில் உட்காரும், எப்போது தவழும் என்று அட்டவணைகள் வகுத்தார். 1929இல் வெளியான அவருடைய இரட்டைக் குழந்தை ஆய்வு புகழ்பெற்றது. ஒரு குழந்தைக்கு ஆறு வாரம் படியேறப் பழக்கினார்கள். மற்றதற்குச் சில வாரங்கள் கழித்து இரண்டே வாரப் பயிற்சி. இருவரும் கிட்டத்தட்ட ஒரே நிலைக்கு வந்தார்கள். நரம்பு மண்டலம் தானாகப் பக்குவப்பட வேண்டும், பயிற்சிக்கு அதில் பெரிய பங்கில்லை என்று கெசெல் முடிவு செய்தார். இரண்டாவது ஊற்று, லண்டனில் 1940களிலிருந்து பெர்த்தா போபாத், காரெல் போபாத் தம்பதியர் உருவாக்கிய முறை. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் உடலைத் தெரபிஸ்ட் தன் கைகளால் பிடித்து, பிறழ்ந்த அசைவுகளை அடக்கி, இயல்பான அசைவுகளைத் தூண்ட வேண்டும். தலை, புரளல், உட்காரல், தவழல், நிற்றல் என்ற இயல்பான வளர்ச்சி வரிசையே சிகிச்சையின் வரிசையும் ஆயிற்று. அஸ்திவாரம் போட்டால்தான் மேல்தளம் என்பதே இரண்டின் சாரம்.

இந்த நம்பிக்கையைப் பள்ளிக்குள் ஆழமாக வேரூன்றச் செய்தவர் ஜீன் ஏர்ஸ் (1920–1988). கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டான அவர் கல்வி உளவியலில் முனைவர் பட்டமும் பெற்றவர். கற்றல் குறைபாடுள்ள குழந்தைகள் பலருக்கு உடல் சமநிலையிலும் தொடு உணர்விலும் நுட்பமான சிக்கல் இருப்பதைக் கண்டு, உள்காது, தோல், மூட்டு, தசை ஆகியவற்றிலிருந்து வரும் தகவல்களை மூளை சரிவர ஒருங்கிணைக்காததே காரணம் என்றார். 1972இல் வெளியான நூலில் இதற்குப் புலன் ஒருங்கிணைப்பு எனப் பெயரிட்டார். ஊஞ்சலும் சக்கரப் பலகையும் பெரிய ரப்பர் பந்தும் சொரசொரப்பான துணிகளும் நிறைந்த தெரபி அறை இந்தச் சிந்தனையிலிருந்து பிறந்தது. ஏர்ஸுக்குத் துறை பட்டிருக்கும் கடன் பெரிது. ‘சோம்பேறி’, ‘அடங்காதவன்’ என்று ஆசிரியர்கள் ஒதுக்கிய பிள்ளையின் நடத்தைக்கு உடலில் காரணம் இருக்கலாம் என்று வாதாடியவர் அவர். அவருடைய கவனிப்பு கூர்மையானது. ஊஞ்சலில் சீரடைந்த நரம்பு வகுப்பறையில் எழுதும் கையையும் வாசிக்கும் கண்ணையும் சீராக்கும் என்ற அடுத்த படிதான் சான்றுகளை மிஞ்சிய பாய்ச்சல்.

அந்தப் பாய்ச்சலுக்கு அடிப்படையான வளர்ச்சிக் கோட்பாடே 1980களில் ஆட்டம் கண்டது. பிறந்த சிசுவை நிமிர்த்திப் பிடித்துப் பாதம் தரையில் படச் செய்தால் அது நடப்பதுபோல் கால்களை மாற்றி மாற்றித் தூக்கும். இரண்டு மாத வாக்கில் இது மறைந்துவிடும். மூளையின் மேலடுக்கு பக்குவப்பட்டுப் பழைய அனிச்சைச் செயலை அடக்கிவிடுகிறது என்றே பாடநூல்கள் சொல்லின. எஸ்தர் தெலன் என்ற ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார். நடை அசைவு மறைந்த அதே குழந்தை, மல்லாக்கப் படுத்திருக்கும்போது அதே தாளத்தில் காலை உதைக்கிறது. மூளை அடக்கியிருந்தால் படுத்தாலும் அடங்கியிருக்க வேண்டுமே? 1984இல் அவரும் சக ஆய்வாளர்களும் குழந்தைகளை மார்பளவு வெதுவெதுப்பான நீரில் நிறுத்திப் பிடித்தார்கள். நடை அசைவு கூடியது. சிறு எடைகளைக் காலில் கட்டினார்கள், அசைவு குறைந்தது. நடந்தது இவ்வளவுதான்: தசையின் வலு வளர்வதைவிட வேகமாகக் கொழுப்பு சேர்ந்து கால் கனத்துப் போயிருந்தது. ஒரு திறமை மூளைக்குள் மட்டும் குடியிருப்பதில்லை. உடலின் எடை, நிற்கும் இடம், செய்ய வேண்டிய வேலை எல்லாம் கூடும்போதுதான் அது பிறக்கிறது. பள்ளித் தெரபிஸ்ட்டுக்கு இதன் பொருள் நேரடியானது. வகுப்பறை பெஞ்சும் வரிசையில் நிற்கும் கூட்டமும் கழிப்பறைத் தாழ்ப்பாளும் திறமையின் பகுதிகள். அவற்றை விலக்கிய அறையில் பழகியது அவற்றுக்கிடையே வேலை செய்யும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை.

நேரடிச் சோதனைகளும் இதே திசையைக் காட்டின. புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சை பற்றிய ஆய்வுகளை 1999இல் தொகுத்துப் பார்த்தபோது, பழைய ஆய்வுகளில் தென்பட்ட பயன் புதியவற்றில் காணப்படவில்லை. மாற்றுச் சிகிச்சைகளைவிட அது மேலானதாகவும் தெரியவில்லை. கையெழுத்து பற்றிய சோதனை இன்னும் தெளிவானது. அமெரிக்கத் தொடக்கப் பள்ளி வகுப்பறைகளைக் கவனித்த ஓர் ஆய்வு, பள்ளி நேரத்தில் 30 முதல் 60 சதவீதம் வரை நுண்ணிய கைவேலைகளில், பெரும்பாலும் எழுத்தில், கழிவதாக 1992இல் கூறியிருந்தது. எனவே பள்ளி ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டிடம் அதிகம் வருபவை கையெழுத்துச் சிக்கல்களே. 2006இல் கையெழுத்து மோசமாக இருந்த 38 பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழு புலன்–தசைப் பயிற்சிகளைச் செய்தது; இன்னொரு குழு எழுத்தையே முறையாக எழுதிப் பழகியது; மூன்றாவது குழுவுக்குச் சிகிச்சை இல்லை. வாரம் நான்கு முறை என ஐந்து வாரம் நடந்தது. எழுதிப் பழகியவர்களின் கையெழுத்து தேறியது. புலன்–தசைப் பயிற்சி பெற்றவர்கள் சில புலன்–தசைச் சோதனைகளில் முன்னேறினார்கள்; அவர்கள் கையெழுத்தோ முன்பைவிட மோசமானது. அஸ்திவாரம் உறுதிப்பட்டும் மேல்தளம் எழவில்லை. 2013இல் அயோனா நோவாக்கின் குழு மூளை முடக்குவாதத்துக்கான 64 சிகிச்சை முறைகளைப் போக்குவரத்து விளக்கின் நிறங்களால் தரம் பிரித்தது. குழந்தை அடைய விரும்பும் செயலையே இலக்காக வைத்துப் பழக்கும் முறை பச்சையில் நின்றது. போபாத் வழிவந்த முறை சிவப்புக்குப் போனது.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. புலனுணர்வுச் சிக்கல் கற்பனை இல்லையே? இல்லைதான். 2013இல் வந்த அமெரிக்க உளநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் சேர்த்தது. 2014இல் ஆட்டிசம் உள்ள 32 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், ஏர்ஸ் முறையைப் பிறழாமல் பின்பற்றியபோது, குடும்பம் வகுத்த இலக்குகளைக் குழந்தைகள் கூடுதலாக எட்டினார்கள். இந்தச் சான்றைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அங்கே அளக்கப்பட்டது குளிப்பது, உண்பது, தூங்குவது போன்ற அன்றாட இலக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டம் வைத்த அளவுகோலுக்கு அது நெருக்கமானது. அதே ஆண்டு, தூக்கத்துக்காகத் தரப்படும் கனமான எடைப் போர்வை பற்றி வந்த ஆய்வு வேறு எச்சரிக்கை தந்தது: குழந்தைகளும் பெற்றோரும் அந்தப் போர்வையை விரும்பினார்கள், தூக்கம் மட்டும் கூடவில்லை. பிடித்திருப்பதும் பயனளிப்பதும் தனித்தனியாக அளக்கப்பட வேண்டியவை. மணியோசைக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையை மணியிலிருந்து தள்ளி உட்கார வைப்பதற்கு நரம்பை மாற்றியமைக்கும் கோட்பாடு எதுவும் தேவைப்படாது.

செயலைத்தான் பழக்க வேண்டும் என்றால் ஆசிரியரே போதுமே, தெரபிஸ்ட் எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. செயலைப் பிரித்துப் பார்ப்பது தனித் திறமை. பென்சில் நழுவுவதற்குக் காரணம் விரலா, தோளா, எட்டாத மேசையா, எழுத்தின் வடிவமே நினைவில் நில்லாமையா என்று ஆசிரியருக்கு எளிதில் தெரியாது. கனடாவின் ஒன்டாரியோவில் செரில் மிசியூனாவின் குழு உருவாக்கிய திட்டத்தில் தெரபிஸ்ட் வகுப்புக்குள்ளேயே ஆசிரியரோடு வேலை செய்கிறார். முதலில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் மாற்றம், பிறகு சிலருக்கு, கடைசியில் தேவைப்படும் ஒருவருக்கு மட்டும் தனிக் கவனிப்பு.

என்னைப் பொறுத்தவரை மிகக் கடினமானது மூன்றாவது மறுப்புதான். ‘வகுப்பறைக்குள் சிகிச்சை’ என்ற பெயரில் நிர்வாகம் செலவைக் குறைத்துக்கொள்ளாதா? குறைத்துக்கொள்ளலாம், அந்த அச்சம் நியாயமானது. நல்ல பயிற்சிக்கு அளவு முக்கியம்: 2011இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, இருபது அமர்வுகளுக்குக் குறைந்த கையெழுத்துச் சிகிச்சைகள் பலன் தரவில்லை என்று காட்டியது. தமிழ்நாட்டில் வட்டார வள மையத்தின் பிசியோதெரபிஸ்ட் ஒரு வட்டாரம் முழுவதற்கும் பொறுப்பானவர். மையத்துக்கு வர முடியாத குழந்தைகளின் வீடுகளுக்கும் அவர் போக வேண்டும். அந்த நிலையில் இருபது அமர்வுகளை அவர் ஒருவரே தந்து முடிப்பது நடக்காத காரியம். அவர் வராத நாட்களில் குழந்தையை யார் நிற்க வைப்பது, எந்த உயர நாற்காலியில் உட்கார வைப்பது, கழிப்பறைக்கு எப்படி அழைத்துப்போவது என்பதை ஆசிரியருக்கும் தாய்க்கும் செய்துகாட்ட அவருக்கு நேரம் ஒதுக்கப்பட வேண்டும். அந்த நேரத்தையும் வருகைப் பதிவேட்டில் சிகிச்சையாகவே கணக்கிட வேண்டும்.