மணமும் மறதியும்

1987ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வடமராட்சியிலே பெரும் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. உடுப்பிட்டியும் அப்பகுதியைச் சேர்ந்த ஊரே. போர் 2009இல் முடிந்தது. ஆயினும் வெடிமருந்தின் நெடியோ கரிந்த மரத்தின் மணமோ நாசியிலே பட்ட மாத்திரத்தில் நெஞ்சம் பதைப்போர், போரைக் கண்ட ஊர்கள் பலவற்றிலும் உளர். இஃது உளவலிமைக் குறைவா? இவ்வினாவுக்கு விடை கூறும் ஆராய்ச்சிக்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

கற்ற பழக்கம் எவ்வாறு தேய்கிறது என்பதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் உருசிய அறிஞர் பவ்லோவ். மணியோசை கேட்டு உமிழ்நீர் சுரக்கப் பழகிய நாய்க்கு, உணவின்றி ஓசையை மட்டும் பலமுறை கேட்பித்தால் அப்பழக்கம் அடங்கும். ஆனால், சிறிது காலம் கழிந்ததும் அது தானே மீளும். எனவே, அடங்கியது அழிந்ததன்று.

1974இல் அமெரிக்காவிலே பென்சரின் ஆய்வுகூடத்தார் பழ ஈக்களுக்கு ஒரு மணத்தோடு மின்னதிர்ச்சியும் கொடுத்தனர். ஈக்கள் பின்னர் அம்மணத்தை வெறுத்து விலகின. பென்சரோடு பணிபுரிந்த ஒபைத் சித்தீக்கி, பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலே வெரோனிக்கா ரொட்ரிகசுடன் ஈக்களின் மணவுணர்வை ஆராய்ந்து, இந்தியாவில் இத்துறைக்கு வழிவகுத்தார்.

ஈயின் மூளையிலே காளான் வடிவான இரு பகுதிகள் உள. அவற்றை இழந்த ஈக்கள் மணத்தைக் கொண்டு கற்கமாட்டா என்பது 1994இல் தெளிவாயிற்று. அப்பகுதிகளிலிருந்து செல்லும் செய்தியைச் சற்று நேரம் தடுத்தால், கற்றல் நிகழும். நினைவுகூர்தல் மட்டும் தடைப்படும். இதனை 2001இல் இரண்டு குழுக்கள் காட்டின.

மனிதர்க்கு மணச்செய்தி, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப்பகுதிக்கு மிகக் குறுகிய வழியிலே செல்கின்றது. ஆதலின் சிந்தனை எழுமுன்னரே உடல் நடுங்கும். அவ்வச்சத்தை அடக்குவதிலே மூளையின் முன்பகுதிக்குப் பெரும் பங்குண்டு. அவ்வடக்கம் பழைய நினைவை அழிப்பதன்று. ‘இப்போது இடரில்லை’ எனும் புதிய பாடத்தைக் கற்பதாகும். இடமோ சூழலோ மாறினால் பழையது மீண்டும் தலைதூக்கலாம்.

யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் மக்கள் உள்ளத்தில் விளைத்த வடுக்களை 1998இல் நூலாக எழுதினார். அவ்வடுவுடையோரை நோக்கி ‘மறந்துவிடு’ என்று கடிதல் பயனற்றது. அச்சமற்ற சூழலிலே, தக்கார் துணையோடு, அப்புதிய பாடத்தைச் சிறிது சிறிதாகக் கற்க அவர்க்கு உதவுதலே அறிவுடைமையாகும், அதுவே அன்புடைமையுமாகும்.