அட்ரியன் டி லஃபாயெட்

அட்ரியன் டி லஃபாயெட் (1759–1807): பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் குடும்பத்தைக் காக்கப் போராடிய பிரபுகுலப் பெண்மணி. பாரிசில் நோவாய் குடும்பத்தில் பிறந்தவர். 1774-இல், பின்னாளில் தளபதியான லஃபாயெட்டை மணந்தார். 1792-இல் கணவர் நாட்டைவிட்டு வெளியேறி ஆஸ்திரியப் படையிடம் சிக்கினார்; அட்ரியனும் பிரான்சில் கைதானார். 1794 ஜூலை 22 அன்று இவருடைய பாட்டி, தாய், தமக்கை மூவரும் கில்லட்டினுக்குப் பலியாயினர். அமெரிக்கத் தூதர் ஜேம்ஸ் மன்ரோவின் முயற்சியால் 1795 ஜனவரியில் விடுதலை பெற்றார். மகனை அமெரிக்காவுக்கு, ஜார்ஜ் வாஷிங்டனின் பாதுகாப்பில் அனுப்பினார். பிறகு இரு மகள்களுடன், கணவர் அடைபட்டிருந்த ஓல்மூட்ஸ் சிறைக்குச் சென்று, அவருடன் தாமே விரும்பிச் சிறைவாசம் ஏற்றார். உடல்நலம் குலைந்தும் அவரைப் பிரிய மறுத்தார். 1797 செப்டம்பரில் அனைவரும் விடுவிக்கப்பட்டனர். 1807 டிசம்பர் 24 அன்று மறைந்த இவரது கல்லறை, தாயார் புதைக்கப்பட்ட பொதுக்குழியை அடுத்த பிக்புஸ் கல்லறைத் தோட்டத்தில் உள்ளது.