கடிகாரமும் தெருவும்: ஸ்ரீ சிட்டியிலிருந்து ஜெர்மன் பெருநகரப் படைப்புகளை வாசித்தல்

சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டரில், தடாவை ஒட்டி அமைந்திருக்கிறது ஸ்ரீ சிட்டி. 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு வட்டாரம் இப்போது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2008இல் தொடங்கிய இந்தத் தொழில் நகரியத்தில் இசுசு வாகனங்களும் காட்பரி சாக்லேட்டும் கைப்பேசிகளும் தயாராகின்றன. சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்துக்காக ஆல்ஸ்டாம் நிறுவனம் தந்த 42 ரயில்களில் முதல் ஒன்பது பிரேசிலிலிருந்து கப்பலில் வந்தன. மற்றவை இங்கே உருவானவை. ஆக, ஒரு பெருநகரத்துக்கு வேண்டிய ரயிலைச் செய்யும் இடம் இது. அந்த ரயில் ஓடும் இடம் அல்ல.

கிரியா பல்கலைக்கழகமும் இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகமும் இதே வளாகத்தில்தான் இயங்குகின்றன. இங்கே இருந்துகொண்டு ஒரு மாணவர் ஜெர்மானியரின் பெருநகர இலக்கியத்தையும் சினிமாவையும் படிக்க முனைந்தால் எங்கிருந்து தொடங்குவது? வழக்கமான பாதை தெரிந்ததுதான்: சமூகவியலாளர் ஜார்ஜ் சிம்மலின் கட்டுரை, வால்டர் ருட்மனின் படம், ஆல்ஃபிரட் டோப்ளினின் நாவல். இந்த வரிசை ஸ்ரீ சிட்டிக்குப் பொருந்தாது. அதைத் திருப்பிப் போடவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிம்மல் 1903இல் எழுதிய ‘பெருநகரங்களும் மனவாழ்வும்’ இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்கிறது. ஒன்று, நகரம் கடிகாரத்தால் இயங்குகிறது. பெர்லினின் கடிகாரங்கள் எல்லாம் ஒரு மணி நேரம் முன்பின்னாகிவிட்டால் ஊரின் வணிகமே குலைந்துபோகும் என்கிறார். இன்னொன்று, ஓயாமல் வந்து மோதும் முகங்களையும் ஓசைகளையும் தாங்க, நகரவாசி எதையும் கண்டுகொள்ளாத ஒரு மனத்தோலை வளர்த்துக்கொள்கிறான். முதல் செய்தி ஸ்ரீ சிட்டிக்கு அப்படியே பொருந்தும். ஷிஃப்ட், வருகைப் பதிவு, கம்பெனி பஸ் என்று நாள் முழுவதும் மணிக்கணக்கில் கட்டப்பட்டிருக்கிறது. இரண்டாவது செய்திக்கோ அன்னியர் நெரிசல் வேண்டும். சுற்றுச்சுவர் கொண்ட ஆலைகளுக்கு நடுவே அகலமான சாலைகள் ஓடும் இடத்தில் அந்த நெரிசலுக்கு இடமில்லை. பெருநகரத்தின் கடிகாரம் இங்கே வந்துவிட்டது, தெரு வரவில்லை.

ருட்மனின் ‘பெர்லின்: ஒரு பெருநகரத்தின் சிம்பொனி’ (1927) தெருவையே நம்பிய படம். விடியலில் ஒரு ரயில் நகருக்குள் நுழைய, ஐந்து அங்கங்களில் ஒரு முழு நாள் நள்ளிரவுவரை விரிகிறது. தமிழ் வாசகருக்கு இந்த அமைப்பு புதிதல்ல. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, 782 அடிகளுக்குள், நாளங்காடி தொடங்கி அல்லங்காடி வழியாக இரவின் யாமங்களைக் கடந்து வைகறைவரை ஒரு நகரைக் காட்டிவிடுகிறது. ஆனால் பாட்டில் அப்ப வணிகரும் கள்வரும் ஊர்க்காவலரும் அவரவர் தொழிலோடு தனித்தனியே தெரிகிறார்கள். ருட்மனிடம் கால்களும் சக்கரங்களும் ஒரே தாளத்தில் கரைகின்றன. இந்தத் தாளம் மேற்பரப்பில் நின்றுவிடுகிறது, சமூகத்தைத் தொடவில்லை என்று விமர்சகர் ஸீக்ஃப்ரீட் க்ரகௌவர் குறை சொன்னார். அந்தக் குறை நியாயமானதே.

டோப்ளின் வேறு வகை. பெர்லினின் கிழக்குப் பகுதியில் மருத்துவராக இருந்தவர்; 1927இல் இந்தியாவைக் களமாக்கி ‘மனாஸ்’ என்ற காவியம் எழுதியவர். இரண்டே ஆண்டில் ‘பெர்லின் அலெக்சாண்டர்பிளாட்ஸ்’ வந்தது. டெகல் சிறையிலிருந்து வெளிவரும் ஃப்ரான்ஸ் பீபர்கோப்ஃபின் கதைக்குள் விளம்பரம், வானிலை அறிக்கை, டிராம் நிறுத்தங்கள், இறைச்சிக்கூடத்துக் கணக்கு எல்லாம் வெட்டி ஒட்டப்பட்டுள்ளன. இயக்குநர் ஃபாஸ்பிண்டர் 1980இல் இதை 14 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக்கினார். நாவலின் பெருமையில் ஐயமில்லை. ஆனால் அதன் நாயகன் சதுக்கத்தில் அலைகிறவன். ஸ்ரீ சிட்டியின் தொழிலாளிக்கு அலைய நேரமும் இல்லை, சதுக்கமும் இல்லை.

பெர்லினுக்குள்ளேயே ஸ்ரீ சிட்டிக்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு: சீமென்ஸ்ஸ்டாட். 1920இல் சுற்றியிருந்த ஊர்களை இணைத்துச் சுமார் 38 லட்சம் மக்களோடு பெரும் பெர்லின் உருவானபோது, ஒரு நிறுவனத்தின் ஆலைகளைச் சுற்றி வளர்ந்த இந்தப் பகுதியும் அதற்குள் வந்தது. ஊழியர்களை ஏற்றிவர சீமென்ஸ் கட்டிய ரயில் பாதை 1929 டிசம்பரில் திறக்கப்பட்டது. டோப்ளினின் நாவல் வெளிவந்த அதே ஆண்டு. அலெக்சாண்டர்பிளாட்ஸுக்கு உலகப்புகழ் நாவல் வாய்த்தது. சீமென்ஸ்ஸ்டாட்டுக்கு அதற்கு இணையாக ஒன்றும் வாய்க்கவில்லை. சதுக்கத்தைக் கொண்டாடிய கலை, ஆலைக் குடியிருப்பைப் பெரும்பாலும் கடந்துபோயிற்று.

‘மெட்ரோபோலிஸ்’ (1927) படம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஷிஃப்ட் மாறும் காட்சியில் தலைகுனிந்து அணிவகுக்கும் தொழிலாளர்களை யாரும் மறக்கமாட்டார்கள். ஆனால் ஃப்ரிட்ஸ் லாங்கின் தொழிலாளிக்கு எண் உண்டு, ஆசை கிடையாது. முதலாளியின் மகன் நல்லவனானால் எல்லாம் சரியாகிவிடும் என்ற முடிவும் பலவீனமானது.

ஆசை உள்ள மனிதர்கள் வேறு இரண்டு நூல்களில் கிடைக்கிறார்கள். க்ரகௌவர் 1929இல் நாளேட்டுத் தொடராக எழுதி அடுத்த ஆண்டு நூலாக்கிய ‘சம்பளக்காரர்கள்’, ஜெர்மனியின் 35 லட்சம் அலுவலக ஊழியர்களைப் பற்றியது. அவர்களில் 12 லட்சம் பேர் பெண்கள். அலுவலகம், தொழிலாளர் நீதிமன்றம், கேளிக்கை மாளிகை என்று நேரில் போய்ப் பேசித் திரட்டியவை அவர் தகவல்கள். இர்ம்கார்ட் காய்னின் ‘செயற்கைப் பட்டுப் பெண்’ (1932) நாவலில், வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சுச் செய்த 18 வயது டோரிஸ், எடுத்துக்கொண்ட ஃபர் கோட்டுடன் பெர்லினுக்கு ஓடிவருகிறாள். பார்வையிழந்த பக்கத்துவீட்டுக்காரருக்காக நகரைக் கண்ணில் சேகரித்து வந்து சொல்கிறாள். 1933க்குப் பிறகு நாஜிகள் காய்னின் நூல்களைத் தடை செய்தார்கள்.

இந்த டோரிஸ்தான் ஸ்ரீ சிட்டிக்குத் தேவையானவள். இங்குள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் கைப்பேசி கோத்தவர்கள் பெரும்பாலும் சுற்று ஊர்களிலிருந்து வந்த இளம்பெண்கள். கைச்சம்பளம், விடுதி அறை, வீட்டுக்கு அனுப்பும் பணம், தனக்கென வாங்கும் முதல் பொருள் ஆகியவற்றை எழுத காய்னின் முறை பயன்படும். தமிழிலும் துணை இருக்கிறது. வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010) ரங்கநாதன் தெருவின் கூட்டத்தை விட்டுக் கடை ஊழியர்களின் விடுதிக்குள் கேமராவைக் கொண்டுபோயிற்று. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ ஒரு நகரை அதன் கட்டடங்களால் காட்டாமல், குடத்தோடு நிற்கும் ஜமுனாவால் காட்டியது.

டோப்ளினை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அவரிடம் எடுக்க வேண்டியது மொழிக் கலவையை. 1960 ஏப்ரலில் நடந்த எல்லைப் பரிமாற்றத்தில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது, சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. அதனால் இந்த வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் புழங்குகின்றன. வடமாநிலத் தொழிலாளரின் இந்தி இப்போது கூடியிருக்கிறது. பெர்லின் பேச்சை நாவலுக்குள் கொட்டியவரின் துணிச்சல் இங்கே பாடமாகும்.

ஆகவே பாடத்திட்டம் காய்னில் தொடங்கி க்ரகௌவருக்குப் போகவேண்டும். மூன்றாவது இடம், நடிப்பே அறியாத ஐந்து பெர்லின்வாசிகள் ஓய்வுநாளைக் கழிக்கும் ‘ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள்’ (1930) படத்துக்கு. அதன்பின் டோப்ளின், கடைசியாக ருட்மன். சிம்மலை முன்னுரையாக வைக்காமல், படித்தவற்றைச் சோதிக்கும் உரைகல்லாக முடிவில் வைக்கலாம். இப்படிப் படிக்கும் மாணவர் ஒருவராவது கம்பெனி பஸ்ஸில் வருபவர்களிடம் பேசித் தமிழிலோ தெலுங்கிலோ எழுதத் தொடங்கினால், பெர்லின் எழுத்தாளர்கள் சீமென்ஸ்ஸ்டாட்டில் விட்ட வேலை இங்கே நடக்கும்.