வானொலித் தந்தியும் மறுமொழியும்

கம்பியின்றிச் செய்தி அனுப்பும் முயற்சி வெற்றிபெற்ற பின்னரும், அனுப்பிய எழுத்து மாறாமல் மறுகரை சேர்ந்ததா என்னும் ஐயம் நெடுங்காலம் தீராதிருந்தது. சிற்றலை அயன்மண்டலத்தில் தெறித்துச் செல்வது. அம்மண்டலமோ மணிக்கு மணி மாறும் இயல்பினது. மோர்ஸ் ஒலியைச் செவிமடுத்த தந்தியாளர், ஐயுற்ற சொல்லை மீண்டும் அனுப்புமாறு கேட்பார். அவரது இடத்தைத் தொலையச்சுப்பொறி பெற்றபோது அக்கேள்வியும் மறைந்தது. ஐந்தலகுக் குறியீட்டின் 32 சேர்க்கைகளும் பயன்பாட்டில் இருந்தமையால், சிதைந்த எழுத்து வேறோர் எழுத்தாகவே அச்சேறியது. சொற்பிழையை வாசிப்பவர் ஊகித்துத் திருத்தலாம். இடருற்ற கப்பலின் அகலக்கோட்டை யார் ஊகிப்பது?

1940களில் ஒல்லாந்தத் தபால் தந்திச் சேவையின் பொறியியலாளர் வான் டியூரன், கேட்கும் பணியைப் பொறியிடமே ஒப்படைத்தார். ஏழு அலகுகளில் மூன்று ஒருவகையாகவும் நான்கு மறுவகையாகவும் அமையும் சேர்க்கைகள் 35 மட்டுமே. இவ்விகிதம் குலைந்தால் பிழையெனப் பொறி உணர்ந்து மீளனுப்பக் கோரும்.

1970களில் கப்பல்களிற் பரவிய சிட்டோர் முறை இதன் வழித்தோன்றலாகும். அழைக்கும் நிலையத்தின் கடிகாரமே இருவர்க்கும் பொதுக்கடிகாரம். அழைக்கப்பட்டது அதனோடு தன் காலத்தை இணைத்துக்கொள்ளும். 450 மில்லிச்செக்கன் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் மூன்றெழுத்துத் தொகுதியொன்று 210 மில்லிச்செக்கனிற் செல்லும். எஞ்சிய 240இல் 70 மில்லிச்செக்கன் நீளமான விடை வந்துசேர வேண்டும். பூமியின் மறுபுறத்துக்கு, ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் தூரம், அலை சென்று மீள 133 மில்லிச்செக்கன் பிடிக்கும். அனுப்புதலிலிருந்து கேட்டலுக்கு மாற எஞ்சுவது 37 மட்டுமே. இக்கணக்கைப் போட்டுப் பார்ப்போர், காலப் பங்கீடு எத்துணை இறுக்கமானதென்பதை உணர்வர்.

இம்முறையின் நுட்பம், உண்மையில், விடையிலேயே உள்ளது. விடை வராவிடின் தொலைந்தது தொகுதியா, விடையா? ஒரே விடைக்குறி இருந்திருப்பின், சேர்ந்த தொகுதியே மீண்டும் அச்சாகிவிடும். ஆகவே இரண்டு குறிகள் மாறிமாறி வழங்கப்பட்டன. தொகுதி பழுதின்றி வந்தால் மற்றைய குறி. பழுதுற்றால் முன்னைய குறியே மீளவும் செல்லும். கணினி இணைப்புகளுக்கென இதையொத்த தீர்வை பிரித்தானியத் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பார்ட்லெற், ஸ்கான்டில்பரி, வில்கின்சன் ஆகிய மூவரும் 1969இல் வெளியிட்டனர். அங்கே மாறுவது 0, 1 என்னும் ஒற்றை இலக்கம்.

குறையும் இருந்தது. ஓரெழுத்தில் இரண்டு அலகுகள் எதிரெதிராகப் புரண்டால் விகிதம் குலையாது. அப்பிழை மட்டும் பொறியின் கண்ணுக்குத் தப்பி அச்சேறியது.