காதைப் பொத்துவதும் கம்பியை மாற்றுவதும்

தொலைவிலுள்ள லினக்ஸ் சர்வரில் நான்கு மணி நேரம் ஓடும் பேக்கப் ஸ்கிரிப்டைத் தொடங்கிவிட்டு மடிக்கணினியை மூட வேண்டும். ஒருவர் கட்டளைக்கு முன்னால் நோஹப் சேர்த்து, கடைசியில் ஆம்பர்சாண்ட் குறி இடுகிறார். இன்னொருவர் டெர்மினல் அமர்வுகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் டீமக்ஸைத் திறந்து, அதற்குள் ஸ்கிரிப்டை ஓடவிட்டு, கன்ட்ரோல்-பி, பிறகு டி அழுத்தி வெளியேறுகிறார்.

இருவரும் அஞ்சுவது ஒரே சமிக்ஞைக்கு: சிக்ஹப், எண் 1. டெர்மினல்கள் தொலைபேசிக் கம்பியில் மோடம் வழியே இணைந்திருந்த நாளில், மறுமுனை துண்டித்துவிட்டதைச் சொல்லப் பிறந்தது அது. வேறு ஏற்பாடு இல்லாத நிரல் அதைப் பெற்றதும் முடிந்துபோகும். நோஹப் அதைப் பொருட்படுத்தாதபடி அமைத்துவிட்டு ஸ்கிரிப்டை ஓடவிடுகிறது. காதைப் பொத்திவிடுகிறது எனலாம். டீமக்ஸோ ஸ்கிரிப்டின் காதைத் தொடுவதே இல்லை. ஒரு போலி டெர்மினலைக் கொடுத்து, அதன் மறுமுனையைத் தன் சர்வரின் கையில் வைத்துக்கொள்கிறது. நாம் போனாலும் அந்தக் கம்பி அறுவதில்லை.

வேறுபாடு கண்ணில் படுவது வெளியீட்டில். நோஹப் வெளியீட்டைச் சேர்க்கும் நோஹப்.அவுட் கோப்பை டெயில் -எஃப் போட்டுப் பார்த்தால், ஒழுங்காக ஓடும் பைத்தான் ஸ்கிரிப்டும் நெடுநேரம் ஒரு வரிகூடக் காட்டாது. எழுதுவது கோப்புக்கு என்றால் பஃபர் நிரம்பிய பிறகே வெளியே தள்ளும். டெர்மினலுக்கு என்றால் வரிவரியாகத் தரும். பைத்தானுக்கு -யு கொடுத்தால் இந்த மௌனம் கலையும். டீமக்ஸில் அந்தக் கவலையே இல்லை. நடுவில் கடவுச்சொல் கேட்டாலும் நாம் திரும்பி வரும்வரை அங்கே காத்திருக்கும். ஆனால் கேள்வியே கேட்காத ஸ்கிரிப்டுக்கு நோஹப்பின் எளிமை போதும் என்பதே என் கருத்து.

எதிர்பாராத உறவு இனிமேல்தான். டீமக்ஸின் சர்வரும் நம் டெர்மினலை உதறிவிட்டுப் பின்னணியில் ஓடும் இன்னொரு பிராசஸ்தான். நோஹப் தன் ஸ்கிரிப்டைக் காக்க முயன்ற அதே ஆபத்திலிருந்து முதலில் அது தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்தச் சர்வரைக் கொன்றால் போலி டெர்மினல் மூடும். உள்ளே ஓடுபவற்றுக்கு அதே சிக்ஹப் போய்ச்சேரும். டீமக்ஸுக்குள்ளும் நோஹப் போடுவதற்குப் பொருள் உண்டு என்பது இங்கே விளங்கும்.

2016 மே மாதம் வெளியான, லினக்ஸில் பிராசஸ்களையும் அமர்வுகளையும் நிர்வகிக்கும் சிஸ்டம்-டியின் 230ஆம் பதிப்பு இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது. பயனர் வெளியேறியதும் அவருடைய அமர்வில் மிஞ்சிய பிராசஸ்களையெல்லாம் கொல்வதை அது இயல்பு அமைப்பாக்கியது. பொத்திய காதும் உதவவில்லை, மாற்றிய கம்பியும் உதவவில்லை. டெபியன் தன் தொகுப்பில் அந்த அமைப்பைப் பழையபடி மாற்றிவைத்தது.